தனிஸ்லாஸின் இருபத்தைந்து சதவீத இதயம்

கோச்சடையில் தங்கம் டீச்சர் வீடு எது என்று கேட்டால், "புருசனுக்குக் கிட்னி கொடுத்தாகளே, அவுகளா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கொடுத்தது என்னவோ கிட்னிதான். ஆனால் அவள் பயந்து செத்ததெல்லாம் அவர் இதயத்தை நினைத்து.

கணவர் தனிஸ்லாஸ், அவள் மூன்றாம் வகுப்பு எடுக்கும் மிஷன் பள்ளியிலேயே ஆபீஸ் கிளார்க். ரத்தக்கொதிப்பு அவருடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதோடு விட்டதா பாழாய்ப்போன நோய்? படுத்தாலே தண்ணீருக்குள் பிடித்து அமுக்கியதுபோல் மூச்சுத் திணறியது. ஹாலில் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். எக்கோ எடுத்துப் பார்த்தால், இதயத்தின் பம்பிங் இருபத்தைந்து சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கே அறுபதுக்குப் பக்கம்தான் இருக்குமாம்.

"முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸு? நான் ஃபெயிலு, தங்கம்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கிட்னி அவருக்குப் பொருந்தியது. ஆனாலும் முதலில் போன ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இந்த இதயம் ஆபரேஷனைத் தாங்காது, டயாலிசிஸிலேயே ஓட்டுங்கள் என்றார்கள். எத்தனை நாளைக்கு ஓட்டுவது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வேறோர் ஆஸ்பத்திரியில் மாதங்கி என்ற இதய டாக்டர், எல்லாச் சோதனையும் செய்துவிட்டு வேறு மாதிரிப் பேசினார். "ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லம்மா. கிட்னி வெளிய தள்ளாத தண்ணியும் கழிவும்தான் இதயத்தப் போட்டுப் படுத்துது. புதுக் கிட்னி வேலை செஞ்சா இதயமும் தேறி வர வாய்ப்பிருக்கு. எல்லாருக்கும் தேறும்னு சொல்ல மாட்டேன். ஆபரேஷன்ல ஆபத்தும் இருக்கு. நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று தங்கம் நினைத்தாள். தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்ததுமே முடியாது என்றுவிட்டார்.

"டேபிள்லயே நான் போயிட்டா ஒன் கிட்னியும் என்னோட மண்ணுக்குள்ள போகும். பின்னால ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஜெனிக்கு யாரு இருக்கா?"

ஜெனி அவர்களுடைய ஒரே மகள், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

தங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "போனாப் போகட்டும்! நீங்க மூச்சுக்குத் தவிக்கிறத, ரெண்டு கிட்னிய வச்சுக்கிட்டு நான் உக்காந்து வேடிக்க பாக்கணுமாக்கும்? இந்தப் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்." கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது தங்கத்துக்கு விலாப்பக்கம் வலி உயிர் போனது. அந்த வலியிலும், "அவுக ஹார்ட்டு தாங்குச்சா?" என்றுதான் கேட்டாள்.

"தாங்கிருச்சும்மா. யூரினும் நல்லாப் போகுது" என்றாள் நர்ஸ். மாதாவே என்று தங்கம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதங்கள் ஓடின. வேளை தவறாமல் மாத்திரை, வெளியே போனால் மாஸ்க், கூட்டத்துக்குள் போகவே கூடாது. கால் வீக்கம் வடிந்தது, முகம் தெளிந்தது. அடுத்த எக்கோவில் நாற்பத்தெட்டு வந்தது. டாக்டருக்கே வாயெல்லாம் பல். தங்கமும் எல்லோரிடமும் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று சொல்லித் திரிந்தாளே தவிர, உள்ளுக்குள் அவள் நம்பவில்லை. அவரும்தான் என்ன? பழைய பயத்தில் நாற்காலியை விட்டு இறங்காமலே தூங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கம் தனியாக மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை முடிந்து திரும்பினாள். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெறுந்தரையில் தனிஸ்லாஸ் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் நீட்டியிருந்தன, கைகள் நெஞ்சின்மேல் இருந்தன.

"ஐயையோ! என்னய விட்டுட்டுப் போயிட்டீகளே!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி ஓடி வந்தாள். தனிஸ்லாஸ் அலறியடித்து எழுந்து உட்கார்ந்தார். "யாரு புள்ள போனா?"

"ஏண்ணே, தூங்கவா செஞ்சீக!" என்று ஜெயக்கொடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"தரை குளுகுளுன்னு இருந்துச்சும்மா. சும்மா சாஞ்சு பாப்பமேன்னு சாஞ்சேன். மூச்சு ஒண்ணும் பண்ணல. அப்படியே அசந்துட்டேன்."

தங்கம் அவர் தோளில் மாறி மாறி அடித்தாள். "பொணத்தத்தான இப்படிக் கிடத்துவாக? நீங்க படுத்து எம்புட்டுக் காலமாச்சு! நான் என்னன்னு நினைக்கிறது?"

அவருக்கும் கண் கலங்கியது. "இந்தா, நல்லாப் பாத்துக்க" என்று மறுபடியும் அவள் எதிரிலேயே மல்லாந்து படுத்தார்.

ஜெயக்கொடி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தங்கம் தரையில் உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கவே அவர் தூங்கிப் போனார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் எழுப்பவில்லை.