மாமா வீட்டு நடு ஸ்பீக்கர்

இன்று ஞாயிறு, காலை 11.20. ஸ்பீக்கர் ஐந்து, என்னிடம் திட்டு வாங்கியவர் ஒருவர்.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் சூடாகி நின்றுபோகிறது என்று மாமா கூப்பிட்டதால் கடலூரிலிருந்து சிதம்பரம் போனேன். எட்டு ஓம் ஸ்பீக்கர்களுக்கான ரிசீவரில் நான்கு ஓம் ஸ்பீக்கர்களை மாட்டியிருந்தார்; அதுதான் சூட்டுக்குக் காரணம். போதாததற்கு, வசனம் வரும் நடு ஸ்பீக்கர் படுக்கையறைக் கதவைப் பார்த்து இருந்தது.

"இன்னா மாமா, இதக் கூடவா யோசிக்க மாட்டீங்க?" என்று கத்திவிட்டு, அதை டிவிக்குக் கீழே மாற்றிப் படத்தைப் போட்டேன்.

"நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்பா" என்றார்.

படுக்கையறையிலிருந்து அத்தை, "ஏங்க, இப்ப பேசறதே கேக்கலையே?"

இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தெரிந்தும் நான் எட்டிப் பார்க்கவில்லை.

இனி செய்யவேண்டியது:

1. ஸ்பீக்கரை அத்தை பக்கமே திருப்புவது.
2. நான்கு ஓம் தாங்கும் ரிசீவர் தேடுவது.
3. மாமாவிடம் மன்னிப்புக் கேட்பது. இதற்கு மேனுவல் இல்லை; தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.