மாதாவுக்கு இரண்டு முறை போட்ட சோறு

மாதாவின் பிள்ளைகளே, உங்கள் முன்னால் நான் ஏற்கெனவே ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். அது பொய்யாகிப் போனது. இன்று சொல்வது நிஜம். அழாமல் சொல்லி முடிக்கத் தைரியம் வரட்டும்.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சவரிமுத்து கரும்புக் கழனியில் கூலி வேலை செய்தவர். இப்போது ஜெர்மன்காரனோடு நடக்கிற சண்டை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்பு, வெளிக்குப் போகும்போது அவருக்கு ரத்தம் விழுந்தது. மூலச்சூடு என்றார் வைத்தியர். மோரும் கருணைக்கிழங்குமாகக் கொடுத்தேன். நிற்கவில்லை. ரத்தம் நின்றால் கோயில் முன்னால் ஊருக்கே சோறு போடுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

பத்தே நாளில் நின்றது. என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! ஞாயிறு பூசை முடிந்ததும் இலை போட்டுப் பரிமாறினேன். "எம் புருசனுக்கு மாதா சொகம் குடுத்துட்டாங்க" என்று ஒருவர் விடாமல் சொன்னேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

ரத்தம் திரும்பி வந்தது. அவர் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் மறைத்தார். தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார். எனக்கு வேலை குறையட்டும் என்று செய்கிறார் என நினைத்துப் பூரித்துப்போன பைத்தியக்காரி நான். தை மாதம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கழனியிலேயே சுருண்டு விழுந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டு வண்டியில்தான் உண்மையைச் சொன்னார்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"ஊரக் கூட்டி சோறு போட்டுட்ட மரியாயி. மறுபடியும் ரத்தம்னா மாதாவ இன்னான்னு பேசுவாங்க? ஒன்ன இன்னான்னு பேசுவாங்க?"

வெள்ளைக்கார டாக்டர் சோதித்துப் பார்த்தார். அவர் சொன்னதைக் கன்னியாஸ்திரி அம்மா தமிழில் சொன்னார். மூலம் இல்லை, மலக்குடலில் புற்று. முதலில் வயிற்றின் இடப்பக்கம் துளை போட்டு மலம் போக வழி வைப்பார்களாம். சில வாரம் கழித்து, புற்று பிடித்த குடலை ஆசனவாயோடு அறுத்து எடுப்பார்களாம். பழைய வழி இனி இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் நம்பிக்கை அதிகம் என்றும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

"வவுத்துல வழி வச்சிக்கினு நாலு பேரு மத்தியில எப்டிடி ஒக்காருவேன்? வூட்டுக்கே போயிடலாம்" என்று குழந்தையைப் போல அழுதார்.

தாழ்வாரத்தில் முழங்காலில் விழுந்தேன். இந்த முறை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. "தாயே, எத்தனை நாள் கொடுத்தாலும் சரி. அத்தனை நாளும் அவர் என்னிடம் எதையும் மறைக்காமல் இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டேன். உள்ளே போனேன். அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார்.

"எந்த எடத்துல வைக்கப் போறாங்களாம்? கேட்டுச் சொல்லு. எனக்கு பயமா கீது."

இரண்டு அறுவையிலும் பிழைத்தார். தினமும் காலையில் நான்தான் வெந்நீரில் கழுவி, பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டுவேன். முதல் மாதம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு நாற்றத்தைப் பற்றி அவரே கேலி பேசினார். எங்கே வலிக்கிறது என்று சொன்னார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் பேசாததையெல்லாம் பேசினோம். அதன் பிறகு இரண்டு வருஷக் கரும்பு வெட்டைப் பார்த்தார். மூன்றாவதற்குள் புற்று ஈரலுக்குப் போய்விட்டது. கண் மஞ்சளாகிறது என்று அவரேதான் முதலில் என்னிடம் சொன்னார். அந்த மாதமே என்னை விட்டுப் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மறுபடி ஊருக்குச் சோறு போட்டேன்.

"புருசனே போயிட்டாரு. இன்னாத்துக்குடி மாதாவுக்கு சோறு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு லூர்து.

"நான் கேட்டத குடுத்துட்டாங்கடி" என்றேன். அவளும் என்னோடு அழுதாள்.

மாதாவை முழுசாக நம்புங்கள். ஆனால் நன்றி சொன்ன வாயால், மறுபடி வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அதனால் அவளுக்குக் கெட்ட பேர் வந்துவிடாது. உங்களில் யாருக்காவது ரத்தம் விழுந்தால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு வண்டி கட்டுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.