குன்றின்மேல் கூரைப் புடவை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்றைக்கு என் சமையல் இல்லாமல் மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு கல்யாணமும் களைகட்டாது. சொந்தமாக இரண்டு லோரி, பதினெட்டு அண்டா. எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தவை. ஆனால் நான் காப்பாற்றிய முதல் கல்யாணம் என் அக்காளுடையது. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது.

எங்கள் தோட்டம் கடலைவிடத் தாழ்வு. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண்கரையும் மதகும்தான் காவல். அம்மாவின் அண்ணனான என் மாமா, இந்தியாவிலிருந்து பஞ்சாங்கம் வரவழைத்துத் தோட்டத்துக்கே நாள் குறிப்பவர். அக்காளின் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தவரும் அவர்தான். குறித்த பிறகுதான், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சனிக்கிரகம் எங்கோ போய் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார்.

"வெள்ளிக்கெழம பௌர்ணமி. மேற்கே நீர்க்கண்டம் போட்டிருக்கு. ஆறு மணிக்குக் கடல் உள்ள வருது."

"அது மெட்ராஸ் ஆறு மணியா, நம்ம ஆறு மணியாண்ணே? சரியா சொல்லுங்க லா" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. மாமா விரல்விட்டு எண்ணி எட்டரை என்றார். பிறகு சந்தேகம் வந்து, எதற்கும் மத்தியானமே கிளம்பிவிடலாம் என்றார்.

"மேற்கேன்னா எந்த இடத்துல மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"கண்டம்னுதான் போடுவான், வீட்டு நம்பருமா போடுவான்?" என்று மாமா சீறினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் போய்விட்டார். "பொண்ணு கல்யாணத்த வச்சிக்கிட்டு இவருக்கு நண்டு பிடிக்கிற நேரமா இது!" என்று அம்மா புலம்பினாள்.

கல்யாணச் சாமான்களோடு நாங்களும் லோரியில் ஏறினோம். கோலசிலாங்கூரில் மேடான இடம் ஒன்றே ஒன்றுதான், கலங்கரை விளக்கம் நிற்கும் குன்று. அங்கே குரங்குகள் குடியிருப்பது எல்லோருக்கும் தெரியும். சனியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் யாருக்கும் குரங்கு ஞாபகம் வரவில்லை.

முதலில் ஒன்று வந்து முறுக்கு டின்னைத் தட்டிப் பார்த்தது. பத்தே நிமிடத்தில் குன்றே இறங்கி வந்தது. கோட்டை இருந்த காலத்துப் பழைய பீரங்கியின்மேல் ஒரு கிழட்டுக் குரங்கு சாவகாசமாக உட்கார்ந்து அதிரசம் தின்றது. மாமா பஞ்சாங்கத்தைச் சுருட்டி ஓங்கினார். அதையும் பிடுங்கிக்கொண்டு இன்னொன்று மரமேறியது.

"விடுண்ணே, அதாச்சும் சரியாப் பாக்குதான்னு பாப்போம்" என்றார் அத்தை.

கூரைப் புடவை இருந்த டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. அது போனால் கல்யாணம் போச்சு என்று அக்கா அழ ஆரம்பித்தாள். நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு குரங்குகள் பல்லைக் காட்டின. நானும் காட்டினேன். அவைதான் பின்வாங்கின.

ஏழு மணிக்கே, இந்தக் குரங்குகளுக்குக் கடலே தேவலை என்று அம்மா லோரியைக் கிளப்பச் சொன்னாள்.

லயம் காய்ந்து கிடந்தது. அப்பாவும் மதகு பார்க்கும் மலாய்க்காரரும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, கழுத்துவரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சிச்சா நண்டு?" என்றாள் அம்மா.

"நண்டு இல்ல. வளைதான் நெறைய" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

வாக்குப் பொய்த்ததென்று தோட்டமே மாமாவைக் கேலி செய்தது. அப்பா மட்டும் செய்யவில்லை. வீட்டிலிருந்த உரச்சாக்கு ஒன்றையும் காணோம். அதற்கும் குரங்குகளையே திட்டினோம். அன்று கடல் மண்கரையின் விளிம்புவரை வந்ததும், அதிலிருந்த நண்டு வளைகள் வழியே உள்ளே கசிந்ததும், அந்தச் சாக்குகள் எங்கே போயின என்பதும் எனக்குத் தெரியப் பல வருடமானது.

ஞாயிற்றுக்கிழமை குறித்த நேரத்தில் தாலி ஏறியது. பலகாரத்துக்குப் பதில் கடை பிஸ்கட். மணவறையில் அக்கா கூரைப் புடவையில் உட்கார்ந்திருக்க, இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். வாசலில் அப்பா வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். பத்து நகத்திலும் கறுப்புச் சேறு. மகள் கல்யாணத்துக்குக்கூடக் கையைச் சரியாகக் கழுவத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது.