படத்துக்கு ஒரு முகம்

மாடு வாங்குகிறவன் பல்லைத்தான் பார்ப்பான் என்பார்கள். தேர்தல் நேரத்தில் பாரிசின் லா சப்பலுக்கு வேட்பாளரோடு வந்த அந்தத் தமிழர், நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். பெயர் கேட்கமாட்டார். வாயில் எப்போதும் ஏலக்காய்.

பிரசுரத்துக்கான படத்தில் ஒரு அரபியும் ஒரு ஆபிரிக்கரும் ஏற்கெனவே நின்றார்கள். "இஞ்சை வோட்டுள்ள தமிழ்ச்சனம் கனக்க. எங்கட முகமும் வேணும்," என்று எங்கள் உணவகத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் வன்னிக்காரரை இழுத்தார்.

"அண்ணை, எனக்கு விசாவே இல்லை. படத்தைப் பாத்துப் பிடிச்சிடுவாங்கள்."

"நான் நிக்கிறன், எனக்கு வோட்டிருக்கு," என்றேன்.

"நீங்கள் வெள்ளை, அண்ணை. பாத்தால் தமிழனெண்டு தெரியாது." வன்னிக்காரர் பக்கம் திரும்பினார். "உன்ரை வோட்டை ஆர் கேட்டது? நிறம் இருந்தால் காணும். சிரி!"

சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது ஒவ்வொரு தபால்பெட்டியிலும் கிடக்கிறது. பொலிசுக்குப் பயந்து அவர் புறநகரில், வில்லியே லே பெல்லில் இருக்கும் வீட்டுக்கு ரயிலேறுவதில்லை. உணவக நிலவறையில் படுக்கிறார்.

நேற்று அந்த வேட்பாளரின் ஆள் சாப்பிட வந்தார். வன்னிக்காரர் கழுவிய கோப்பையில்தான் சோறு போட்டுக்கொடுத்தோம். ருசித்துச் சாப்பிட்டு, ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு போனார். அந்தத் தம்பி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.