ஃபர்ஸ்ட் குரூப் கஷ்டம் என்று சொன்னவன்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தேன். தங்கை மகள் கீர்த்தனா பிளஸ் ஒன் சேரப் போகிறாள். அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஐந்து நகல் எடுக்க வேண்டும். கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்த தாள்கள் சுட்ட அப்பளம் மாதிரி சூடாக இருந்தன. எனக்குக் காகிதத்தைப் பார்த்தால் முகர்ந்து பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. பார்த்தேன். சூடு இருந்ததே தவிர வாசனை என்று ஒன்றும் இல்லை.

வாசனை என்றால், ஸ்டென்சிலில் மசி உருட்டி நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் தாளுக்குத்தான். மசியும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு நெடி. மசி அப்பி, 'a' எது, 'o' எது என்று கண்டுபிடிப்பதே ஒரு பாடமாக இருக்கும். கையில் ஒட்டிக்கொண்டால் சோறு சாப்பிடும்போதும் அந்த வாசனை வரும். அந்தத் தாள்களை நான் முகர்ந்தது திண்டிவனத்தில், 1993இல், ஒரு டுடோரியலில்.

இம்ப்ரூவ்மென்ட் என்ற ஒன்று அப்போது இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பிளஸ் டூ பாஸ் செய்தவன், மார்க் போதவில்லை, இன்ஜினியரிங் கிடைக்கவில்லை என்று அதே பரீட்சையை மறு வருஷம் இன்னொரு தடவை எழுதுவது. ஃபெயிலானவன் ஃபெயில் என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடலாம். பாஸாகிவிட்டு மறுபடியும் படிப்பவன் என்னவென்று சொல்வான்? நான் காலேஜ் என்று சொன்னேன்.

விழுப்புரத்திலேயே டுடோரியல் இருக்கும்போது திண்டிவனத்துக்குப் போனதும் அதனால்தான். இங்கே படித்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரயில்வேக்காரர் பிள்ளை என்பதால் எனக்கு ரயில் பாஸ் இருந்தது. காலேஜ் போகிறவன் பை தூக்கமாட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு நீள நோட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு காலைப் பாசஞ்சரில் ஏறுவேன். முண்டியம்பாக்கம் வரும்போது சர்க்கரை ஆலையின் புளித்த வாடை பெட்டிக்குள் புகுந்துவிடும். தெரிந்தவர் யாராவது "எந்தக் காலேஜுப்பா?" என்று கேட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். அந்த ஆலை எனக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய வெட்கம். சொல்ல முடியாத இன்னொன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூ மார்க் வந்த அன்று அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாடா இவ்ளோ கம்மி? பத்தாவதுல நல்லாத்தானே வாங்குன?"

"ஃபர்ஸ்ட் குரூப்புப்பா. ரொம்ப கஷ்டம். கணக்கு, பிசிக்ஸ் எல்லாம் இங்கிலீஷ்ல. உங்களுக்குச் சொன்னா புரியாது."

பொய் என்றும் சொல்ல முடியாது. ஃபர்ஸ்ட் குரூப் கஷ்டம்தான். நான் கஷ்டப்படவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்த இரண்டு வருஷமும் ரயில்வே கிரவுண்டில் கிரிக்கெட் ஆடியே கழிந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. பாவம், அவர் அதை அப்படியே நம்பினார். ஸ்டேஷனில் யார் என் மார்க்கைக் கேட்டாலும், "ஃபர்ஸ்ட் குரூப்பு இல்லியா சார், பசங்களப் போட்டு அரைச்சுடுது" என்று எனக்காக வாதாடினார். அவர் வாதாடுவதைக் கேட்கக் கேட்க எனக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்தது.

அடுத்த மாதம் தங்கை மலருக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. கணக்கில் முழு மார்க். அவள் என் பிளஸ் டூ புத்தகங்களை எப்போது எடுத்துப் படித்தாள் என்று தெரியாது; நான் கிரவுண்டில் இருக்கும்போதுதான் படித்திருக்க வேண்டும். என் பிசிக்ஸ் புத்தகத்தின் ஓரங்களில் அவளுடைய பென்சில் எழுத்து இருக்கும். அந்தப் புத்தகத்தில் என் எழுத்து முதல் பக்கத்தில் மட்டும்தான், என் பெயர்.

அவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். அப்பா வேண்டாம் என்று பாரத்தில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். அவளுடைய பள்ளித் தலைமையாசிரியை அப்பாவை வரச்சொல்லி அனுப்பினார். அப்பா என்னையும் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னாடா தெரியும். நீ படிச்சவன், நீயும் வா."

தலைமையாசிரியை உட்காரச் சொல்லியும் அப்பா உட்காரவில்லை. காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டே இருந்தார். தலைமையாசிரியை பொறுமையாகத்தான் பேசினார்.

"பொண்ணு நல்லாப் படிக்கறா. ஃபர்ஸ்ட் குரூப்புல போடுங்க. அதுல படிச்சா நாளைக்கு டாக்டரு, இன்ஜினியரு, இல்ல பி.காம்னு எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம். வேற குரூப் எடுத்துட்டு அப்பறம் இந்தப் பக்கம் வரணும்னா வழி கெடையாதுங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார். இருபது வருஷம் கழித்து நான் எத்தனையோ பெற்றோருக்கு இதையே என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நீதானே அதப் படிச்ச. அவளால முடியுமா?"

முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் என்னைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அதே ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்து, அதே புத்தகத்தைப் படித்து, மார்க்கோடு வந்து நின்றால் என் சமாதானம் என்ன ஆகும்? இது ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

"கஷ்டம்பா. எனக்கே இப்படி ஆச்சு. அவ தாங்கமாட்டா. தேர்ட் குரூப்னா காமர்ஸ்தான், ஃப்ரீயாப் படிப்பா."

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உன் மார்க் எவ்ளோப்பா?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, தன் பெயரை முழுசாக எழுதினார்.

மலர் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னால் போய்ச் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

அப்பா இருந்த பக்கம் முகவாயால் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் அப்பாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி வுடு" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

பிறகு நான் அந்தக் 'காலேஜுக்கு'ப் போக ஆரம்பித்தேன். பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே தாண்டி, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்திருந்தார்கள். விட்டுப்போனதை எல்லாம் டுடோரியலில் சைக்ளோஸ்டைல் தாளில் தருவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மலர் கை நீட்டுவாள்.

"தாளைக் குடுண்ணா. பாத்துட்டுத் தர்றேன்."

ஒரு நாள் ஒரு கணக்கு. ஆறு ஆண்களையும் நான்கு பெண்களையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க வேண்டும். எந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை விதம்? நான் பத்துப் பேரையும் காகிதத்தில் புள்ளி வைத்து மாற்றி மாற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே மலர் சொன்னாள்.

"மொதல்ல ஆம்பளைங்கள உக்கார வச்சிட்டாப் போதும்ண்ணா. அப்பறம் நடுவுல, ஓரத்துல மிச்சம் இருக்கற எடத்துல பொம்பளைங்க. ஏழு எடம் வருது பாரு."

பென்சிலால் நாலே வரியில் முடித்தாள். மறுநாள் டுடோரியலில் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். சார் என் முதுகில் தட்டி, "இவன் தேறிடுவான்" என்றார். அன்றைக்காவது வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

சார் சொன்னது பலிக்கவில்லை. இம்ப்ரூவ்மென்டில் ஏதோ கொஞ்சம் ஏறியது. என்ட்ரன்ஸில் அதைவிட இறங்கியது. கடைசியில் பி.எஸ்சி. படித்து, அரசுத் தேர்வு எழுதி, இப்போது வானூரில் ஒரு அலுவலகத்தில் பச்சை மசியில் கையெழுத்துப் போடுகிறேன். மலர் தேர்ட் குரூப் முடித்து, தபால் வழியில் பி.காம். படித்தாள். கல்யாணமாகித் திண்டிவனம் போனாள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிற வேலை. நோயாளி பெயர், வயது, என்ன தொந்தரவு என்று எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். "எழுதும்போதே டாக்டர் இன்னா மாத்திரை குடுப்பாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்ண்ணா" என்பாள். அதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் எடுத்த அன்றே தாள்களை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். டுடோரியல் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. வீட்டுக்குள் நுழைந்ததும் கீர்த்தனா கேட்டாள். "மாமா, எந்த குரூப் எடுக்கட்டும்? எல்லாரும் ஃபர்ஸ்ட் குரூப் கஷ்டம்னு பயமுறுத்தறாங்க."

நான் பதில் சொல்வதற்குள் மலர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மாமா சொல்றதக் கேளுடி. அன்னிக்கு எனக்காக டீச்சராண்ட எவ்ளோ பேசுனாரு தெரியுமா. உங்க தாத்தாதான் கேக்கல. அந்த மனுஷன் புடிச்சா புடிச்சதுதான்."

பேசினேன் என்று நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு முகவாய் அசைவு. இருபது வருஷத்தில் அது அவளுக்குள் தானாகவே இவ்வளவு வளர்ந்திருக்கிறது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது கஞ்சி ஊட்டியவள் அவள்தான். "உன்ன அந்தப் படிப்பு படிக்க வுடலியேம்மா" என்று அவர் ஒரு நாள் சொன்னார். அவள் "வுடுப்பா, இப்ப இன்னா அதுக்கு" என்று வாயைத் துடைத்துவிட்டாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். உங்கண்ணன் சொல்லித்தான் செஞ்சேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டாரா, என்னைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் கோபத்தை வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

"எடுத்துக்கோம்மா. கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன் கீர்த்தனாவிடம். அதைச் சொல்லவேண்டிய வருஷத்தில் சொல்லவில்லை.

இம்ப்ரூவ்மென்டை எடுத்துவிட்டார்கள். என்ட்ரன்ஸையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தலைமையாசிரியை காலமாகிவிட்டார் என்று போன வருஷம் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் இப்போது இல்லை.

"இன்னொரு தோசை போடட்டாண்ணா?" என்றாள் மலர்.

போடு என்றேன்.