பூட்டு மாப்பிள்ளையின் செப்புக்காசு

மின்தூக்கி பழுதுபார்க்கும் அவருக்கு மாமனார் வீட்டில் 'பூட்டு' என்று பெயர். குளியலறைக்குப் போகும்போதும் மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போகிறவரை வேறெப்படி அழைப்பார்கள்? மூத்த மகளை மணந்தவர் அவர். இளையவளை மணந்தவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி. எதையும் வைத்த இடம் மறப்பவர். கப்பலில் சமையற்காரராக இருந்த மாமனார், அயல்நாட்டுத் துறைமுகமொன்றில் கிடைத்த செப்புக்காசுகள் இரண்டை மருமக்களுக்கு ஆளுக்கொன்றாய் அளித்துவிட்டுக் கண்மூடினார். இரண்டிலும் ஒரே அரசியின் முகம், ஒரே ஆண்டு.

ஒரு ஞாயிறன்று சகலை தம் மனைவியோடும் காசோடும் வந்தார். அது இப்போது ஒளி ஊடுருவும் கெட்டிப் பெட்டிக்குள் முத்திரையிடப்பட்டு, அறுபத்துநான்கு என்னும் எண்ணை முடிபோல் சூடியிருந்தது.

"பழைய சட்டைப் பையில கெடந்துச்சு சகலை. தரம் பாத்து மார்க் போடுவாங்களே, அந்தக் கிரேடிங்குக்குச் சும்மா அனுப்பினேன். எழுபதுக்கு அறுபத்துநாலாம்! உங்களுத எடுங்க, பாப்போம்."

"சாவி எங்க வெச்சேன்னு தெரியல."

"இடுப்புலதான தொங்குது!" என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

வேறு வழியின்றி எடுத்துவந்தார். அரசியின் கன்னத்தில் பச்சை படர்ந்திருந்தது.

"ஐயோ அத்தான், மகாராணிக்குப் படை வந்திருக்கு!" என்றாள் கொழுந்தியாள்.

"களிம்பு ஏறிருச்சு," என்றார் சகலை. "களிம்புக்குக் களிம்புதான் மருந்து. எங்க கம்பெனி டியூப் ஒண்ணு தரவா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூட்டுக்கு வயிறு பற்றியெரிந்தது.

செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்பது சமயநூலார் கொள்கை. பூட்டின் கொள்கை வேறு. வந்தவர்கள் படியிறங்கியதும் அதை மனைவியிடம் வெளியிட்டார்.

"நல்லதா பாத்து அவருக்குக் குடுத்துட்டார் உங்கப்பா."

"போய்ச் சேந்த மனுஷன வம்புக்கு இழுக்காதீங்க. கைக்கு வந்தத எடுத்துக் குடுத்தார்."

"கைக்கு எது வருதுன்னு கண்ணு பாக்காமயா இருந்திருக்கும்?"

மறுநாள் மின்தூக்கிக்குள் நின்று தளங்களின் எண்கள் ஒவ்வொன்றாய் ஒளிர்வதை நோக்கினார். அறுபத்துநான்கு மாடிக் கட்டடம் எதுவும் அவர் பொறுப்பில் இல்லாதது நல்லதாயிற்று. தம் காசும் அத்துணை உயரம் ஏறத் தகுந்ததுதானா, மாமனார் கண்ணில் தாம் எந்தத் தளத்தில் இருந்தோம் என்பது தெரியாமல் சோறு இறங்காது போலிருந்தது. வேலை முடிந்ததும் பழங்காசுக் கடைக்குச் சென்றார்.

கடைக்காரர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். "இத எதுல போட்டு வெச்சிருந்தீங்க?"

"தேடி வாங்கின பிளாஸ்டிக் உறை. மெத்துனு இருக்கும், காத்துகூடப் போகாது."

"அதான் வினை. இது செம்போட களிம்பில்ல, அந்த உறை கசிஞ்ச பசை. மெத்துனு இருக்கற பிளாஸ்டிக் நாளாக நாளாக வேர்க்கும். விட்டா காசைத் தின்னுடும்."

"எனக்குக் குடுக்கறப்பவே இருந்திருக்கலாமில்ல?"

"இருக்க வழியே இல்ல. உறையோட மடிப்பு அப்படியே பச்சையில பதிஞ்சிருக்கு பாருங்க."

மாமனார்மேல் அவர் மனத்துள் நடத்திவந்த வழக்கு அக்கணமே தள்ளுபடியாயிற்று. சகலைமேல் இருந்ததோ முன்னிலும் வலுத்தது. கண்ணை இமை காப்பதுபோல் காத்தவன் காசு கெட, சட்டைப் பையில் மறந்தவன் காசு பிழைப்பதா? அழுக்காறு என்னும் சொல்லுக்குள் அழுக்கு இருப்பது வீண்போகவில்லை.

"துடைச்சுரலாமா?"

"ஐயையோ! துடைச்சா கீறல் விழும், நம்பரே கிடைக்காது. அசிட்டோன்ல ஊறட்டும், பசை மட்டும் கரையும்."

கரைந்தது. அரசி செம்மை மீண்டு எழுந்தாள். கன்னத்தில் மட்டும் மங்கலாய் ஒரு நிழல் எஞ்சியது.

"கிரேடிங்குக்கு அனுப்பலாமா?" என்றார் கடைக்காரர்.

"அறுபத்துநாலு வருமா?"

"வரலாம், தாண்டலாம். அந்த மங்கலைக் குத்தம்னு எடுத்துக்கிட்டா, நம்பர் இல்லாம 'பழுது'ன்னு சீட்டு ஒட்டி அனுப்புவாங்க."

அந்தச் சீட்டைச் சகலை உரக்கப் படிக்கும் குரல் பூட்டின் காதில் ஒலித்தது. "வேண்டாம். காசு பிழைச்சதே போதும்," என்று எழுந்தார். அப்போது கைப்பேசி அழைத்தது, சகலைதான்.

"காசுக் கடைக்குப் போயிருக்கறதா அண்ணி சொன்னாங்க. கிரேடிங்குக்குக் குடுத்தாச்சா?"

"இல்ல. சுத்தம் மட்டும் பண்ணினேன். அனுப்பப் போறதில்ல."

"அப்பாடா!" என்றவர் சட்டென்று திருத்திக்கொண்டார். "அதாவது, நல்ல முடிவுன்னேன். எதுக்கு வீண் அலைச்சல்? எனக்கும் நேத்துலேருந்து ஒரே யோசனை..."

"உங்களுக்கென்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல, நீங்க பூட்டி வெச்ச காசாச்சே. அறுபத்தஞ்சு கிறுபத்தஞ்சுன்னு வந்து தொலைச்சா... சும்மா தமாசுக்குச் சொன்னேன் சகலை." அவர் சிரிப்பில் சுருதி சேரவில்லை.

பூட்டின் செவியில் தேன் பாய்ந்தது. தம்மைப் பார்த்தும் ஒருவர் வயிறெரியக் கூடும் என்று அவர் அதுவரை எண்ணியதே இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

"அனுப்பிடுங்க ஐயா."

"பழுதுன்னு வந்தா?"

"வரட்டுமே. வர்ற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வராதில்ல?"