கடலா, கடலையா?

“கடல்லேருந்து வந்த கரண்ட்டை ஒத்தைக் கையால திருப்பிவிட்டவ நான்” என்று குற்றாலத்தில் கடலை வறுக்கும்போதெல்லாம் இசக்கிசெல்வி சொல்வாள். கேட்பவர் வாயைப் பிளந்தால், “கொஞ்சம் கூடுதல்தான். ரெண்டு கையாலயும்னு வச்சுக்கிடுங்க” என்று தானே ஒத்துக்கொள்வாள்.

கீழப்பாவூர்ப் பக்கம் செங்குளத்துக்குக் கீழே அவளுக்கு ஒரு துண்டு வயல். அங்கே விளைந்த கடலையை அருவிச் சீசனில் இங்கே தள்ளுவண்டியில் வறுத்து, அந்தப் புகையிலேயே குடும்பத்தை நடத்துகிறவள். வேறு பிழைப்பு கிடையாது.

போன வருஷத்து ஆடியில் ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது. ‘கடல் காற்றாலை’ என்று அது கத்தியதில் பாதியை ஆடிக்காற்று தின்றுவிட்டு, மீதியைத்தான் அவள் காதில் போட்டது. கடலை ஆலை! வருகிற ஆலை நம்ம சரக்கைத்தான் முதலில் எடுக்கட்டும் என்று, ஒரு சாக்குக் கடலையைப் புருஷன் பாண்டியராஜ் தலையில் ஏற்றி, கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையைப் பிடித்துவிட்டாள்.

திரையில் படம் வந்தது. நடுக்கடலில் காற்றாடிகள். அங்கே எடுக்கும் மின்சாரம் கரையேறி, கோபுரம் கோபுரமாகக் கம்பியில் தொங்கிக்கொண்டு தென்காசிப் பக்கத்துச் சப்-ஸ்டேஷனுக்கு வருமாம். அதற்குப் போட்ட சிவப்புக் கோடு செங்குளத்தைக் குறுக்கே தாண்டியது. ஒரு கோபுரத்தின் கால் சரியாக அவள் வயலில் நின்றது.

இசக்கிசெல்வி எழுந்தாள். “அந்தக் கோட்டை அழிங்க.”

கம்பெனி இன்ஜினியர் பெயர் ஆசியா, கடையநல்லூர்ப் பெண். பொறுமையாகவே பதில் சொன்னாள். “அக்கா, மீன்பிடிக்க இடம், பவளப்பாறை எல்லாத்தையும் வெலக்கித்தான் கடல்ல காத்தாடிக்கு இடம் பாத்திருக்கோம். இங்கனயும் தரிசு வழியாத்தான் கோடு போவுது.”

“தரிசா? அது குளம்லா!”

ஆடியில் வற்றிக் கிடக்கும் செங்குளத்துக்குள் ஆடுதான் மேயும். கோடு போட வந்தவர்கள் பார்த்தது அதைத்தான்.

“மீனுக்கு வெலகிப் போவீய, எங்க நாரைக்கு வெலக மாட்டீயளோ? ஐப்பசி மழைக்கப்புறம் வந்து பாருங்க. அது கூட்டமா எறங்குனா வானம் இருட்டி, தெருலைட்டு தானா எரியும்!”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து பலசரக்குக் கடை ஜெபசிங், “ஏட்டி, ஒன் வயலுக்காவத்தான நாரையைக் கூப்பிடுத?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி, ரெண்டுக்குந்தான். காத்தாடி வேண்டாம்னா சொன்னேன்? சுரண்டை ரோட்டோரம் பழைய காத்தாடிக் கம்பி போவுதுல்லா, அதை ஒட்டியே இதையும் இழுக்கட்டும். இல்லன்னா கோபுரத்தை என் தலையில நடட்டும்.”

சொல்லிவிட்டுக் கடலைச் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்தது. மண்டபத்தைப் பூட்ட வந்தவன் சாவியோடு நின்றான். “தண்ணி நெறஞ்சதும் நானே வந்து பாக்கேன்” என்று ஆசியா வாக்குக் கொடுத்த பிறகே இசக்கிசெல்வி சாக்கைவிட்டு இறங்கினாள்.

கார்த்திகையில் ஆசியா சொன்னபடி வந்தாள். குளம் கரைமுட்ட நிறைந்திருந்தது. அதில் ஒரே ஒரு நாரை.

இசக்கிசெல்வி கரை நீளத்துக்கும் தேடினாள், வேறொன்று இல்லை. ஆனாலும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, “ஒண்ணுன்னா என்ன? அது தலையில கம்பி இழுப்பீயளோ?” என்றாள்.

ஆசியா சிரித்தாள். “மத்ததெல்லாம் பகல்ல மேயப் போயிருக்கும்க்கா. அடையத் திரும்பும்லா, இருந்து பாப்போம்.”

பாண்டியராஜ் அவித்த கடலையைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். மூவரும் கரையில் உட்கார்ந்து உரித்தார்கள். பொழுது சாய, மலைப்பக்கமிருந்து ஒரு வரிசை வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசை என்று சொல்ல முடியாதபடி வந்தது. கம்பி ஓட வேண்டிய உயரத்திலேயே, காலைத் தொங்கவிட்டபடி, அவள் வயலுக்கு மேலாகத் தாழ்ந்து தாழ்ந்து குளத்தில் இறங்கின. உரித்த கடலையை வாயில் போட மறந்து ஆசியா அண்ணாந்திருந்தாள்.

தையில் வந்த புதுப் படத்தில் கோடு சுரண்டை ரோட்டுப் பக்கம் வளைந்திருந்தது. இசக்கிசெல்வியின் வயலில் மறுபடி கடலை ஊன்றினார்கள்.

“அன்னைக்கு வானம் அப்படியே இருட்டி, தெருலைட்டு ஒண்ணொண்ணா எரிஞ்சுச்சு பாருங்க!” என்று மணல் சட்டியில் கரண்டியைத் தட்டித்தான் அவள் கதையை முடிப்பாள்.

பக்கத்தில் பொட்டலம் மடிக்கும் பாண்டியராஜ் தலை நிமிராமல் சொல்வார்: “எங்கன எரிஞ்சுச்சு? அன்னைக்கு ஊர்லயே கரண்டு இல்ல.”